தேரைக் கணக்கு

ஜனவரியில் நாட்காட்டி வெள்ளையாக இருந்தது,
வெளியே ஏரியும் அப்படித்தான்.
பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிடும் எஸ்டோனியாவில்
யார் என்ன கேட்டாலும் சரி என்றேன்.
ஹெல்தூர், ஊர் வாத்தியக்குழுவில்
இரண்டாம் டிரம்போன் காலி என்றார்.
சரி.
த்ரீனு, பனி உருகியதும் ஏரிச்சாலையில்
தேரை கடத்த ஆள் வேண்டும் என்றாள்.
சரி.
ஊர்மஸ், மார்ச்சுக்குப் பிறகு
பல் ஆய்வகத்தில் நீ மட்டும்தான் என்றார்.
அதற்கும் தலையாட்டியிருக்கிறேன்,
கையெழுத்து என்னுடையதுதான்.
நுணலும் தன் வாயால் கெடும்.
நான் நுணலுக்காகவும் கெட்டேன்.

ஏப்ரல் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் இறக்கிவைத்தது.

பகலில் பல் செய்கிறேன்.
பீங்கான் பொடியைக் குழைத்து
ஒரு கடைவாய்ப்பல்லின் மேடுபள்ளத்தைத்
தூரிகை நுனியால் எழுப்பி
சூளையில் வைத்துவிட்டு,
அது வேகும் பத்து நிமிடத்தில்
டிரம்போனின் ஊதுவாயை மட்டும் உதட்டில் வைத்து
மூன்றாம் பக்கத்தின் அந்தப் பதினான்கு சுரங்களை
ஊதிப் பார்க்கிறேன்.
பக்கத்து அறைக் கணக்கர்
கூரையில் வாத்து அடைந்திருக்கிறது என்று
புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இரவில் மஞ்சள் மேலங்கி, தலைவிளக்கு, வாளி.
மழை பெய்து ஐந்து டிகிரி இருந்தால் போதும்,
காட்டிலிருந்து ஏரிக்கு நடக்கத் தொடங்கிவிடும்,
இடையில் தார்ச்சாலை ஒன்று முளைத்த சேதி
இன்னும் எட்டாதவை போல.

எல்லாவற்றுக்கும் ஒரே நோட்டு.
ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:
மேல்வலது கடைவாய், சற்று மஞ்சள் சாயல், வியாழனுக்குள்.
ஆண் நாற்பத்தொன்று. பெண் பன்னிரண்டு. செத்தது ஏழு.
மெதுவாகத் தொடங்கு, மூச்சை வீணாக்காதே.
பால். பூனைக்கு மருந்து.
த்ரீனுவுக்கு அனுப்பிய அறிக்கையில்
ஓர் இரவு
ஆறு கடைவாய்ப்பற்கள் பத்திரமாகச் சாலையைக் கடந்தன.

தவளையைத் தராசில் நிறுத்தாற்போல் என்பார்கள்.
நான் நிஜமாகவே நிறுத்துப் பார்த்தவள்.
த்ரீனுவின் சமையலறைத் தராசில்
பெண் தேரை எண்பது கிராம்,
அசையாமல் உட்கார்ந்து
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
குதித்தது என் கைபேசி.
ஊர்மஸ்.

பத்தொன்பதாம் தேதி, சாலையின் அந்தக் கோடியிலிருந்து
இன்னொரு விளக்கு வந்தது.
யானிகா. நான்காம் எண் பேருந்தை ஓட்டுபவள்.
அவளுடைய முன்பல் நான்கு நாளாக
என் மேசையில் பாதி வெந்து கிடக்கிறது.
மன்னித்துவிடு, உன் பல், என்று தொடங்கினேன்.
சிரித்தாள், வாயில் ஒரு சன்னல் திறந்திருந்தது.
"பல் எங்கேயும் போகாது.
காலை ஐந்தரைக்கு
இந்தச் சாலையில் முதல் வண்டி நான்தான்.
வாளியைப் பிடி."
அதன் பிறகு ஒரு மணி நேரம்
இருவரும் பேசவில்லை, எண்ணினோம்.

கச்சேரி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை.
மன்றத்தின் தகரக் கூரையில்
இரண்டாம் உருப்படியின் நடுவே மழை விழுந்தது.
பெரிய மழை இல்லை. ஏழு டிகிரி இருக்கும்.
ஹெல்தூரின் கோல் என்னை நோக்கி நீண்டது,
நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அரை மூச்சு தாமதமாய் நுழைந்தேன்,
பதினான்கில் பதினொன்று சரி.
குனிந்து தாளைப் புரட்டியபோதுதான் கவனித்தேன்,
டியூபாக்காரரின் கறுப்புக் கால்சட்டைக்குக் கீழே
ரப்பர் பூட்ஸ்.

கைதட்டல் ஓயும் முன்
வண்டி நிறுத்துமிடத்தில் நான்கு தலைவிளக்குகள்.

முதல் தேரை சாலை விளிம்பில் நின்றது,
முதுகில் இன்னொன்றைச் சுமந்தபடி.
பெண்தான் பெரிது. ஆண் வழியில் ஏறிக்கொள்ளும்,
ஏரி வரும்வரை இறங்காது.
பிரிக்காமல் தூக்க வேண்டும், அதுதான் விதி.
தூக்கினேன்.
ஊதிய உதடு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது,
உள்ளங்கையில் ஈரமாய், குளிர்ந்து, ஒரு கனம்.

நோட்டில் பக்கம் தீர்ந்திருந்தது.
அட்டையின் உட்புறம் எழுதினேன்: இரண்டு.
அதற்குக் கீழே, மை மழையில் பரவப் பரவ:
யானிகா பல், திங்கள்.